கடைவீதியில் வரும் கணக்கு வகுப்பறையில் வராதது ஏன்?

புதுதில்லி: 41-லிருந்து 13-ஐக் கழிக்க வேண்டும். ஒன்றில் மூன்று போகாது. பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்க வேண்டும். இத்தகைய கழித்தல் கணக்கைக்கூட, கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தைகளில் 33.7 சதவீதத்தினர்தான் சரியாகப் போட்டனர் என்கிறது "பிரதம்' அமைப்பின் 2024-ஆம் ஆண்டு "அசர்' அறிக்கை. 2022-இல் இது 25.9 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம்தான், ஆனால், மூவரில் இருவர் இன்னும் வெளியே நிற்கின்றனர்.

ஐந்து கோடிக்கும் அதிகமான குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவில்லை என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொண்டது. அதைத் தொடர்ந்து, 2021 ஜூலையில் "நிபுண் பாரத்' திட்டத்தை மத்திய கல்வி அமைச்சகம் தொடங்கியது. முதல் வகுப்பில் 99 வரை, இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9,999 வரை எண்களை வாசிக்கவும் எழுதவும் வேண்டும். மூன்றாம் வகுப்பில் எளிய பெருக்கலும் தெரிய வேண்டும். 2026-27-க்குள் எல்லாக் குழந்தைகளும் இதை எட்ட வேண்டும் என்பது இலக்கு.

குழந்தைகளுக்குத் திறன் இல்லை என்று கூறிவிட முடியாது. தில்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் சிறார்களிடம் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025-இல் "நேச்சர்' இதழில் வெளியானது. காய்கறியின் விலையையும் மீதிச் சில்லறையையும் மனக்கணக்காகவே சொன்ன சிறார்கள், பாடப்புத்தகப் பாணியில் எழுதிக் கொடுத்த கணக்கில் தடுமாறினர். பள்ளி மாணவர்களோ, எழுத்துக் கணக்கில் தேறினாலும் சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

சந்தையையும் வகுப்பறையையும் இணைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து வந்த என்சிஇஆர்டி பாடநூல்களும், 2023-இலிருந்து வெளியாகும் புதிய நூல்களும் குழந்தையின் அன்றாட வாழ்விலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன. ஆனால், ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் செய்வதே எளிய வழியாகிவிடுகிறது.

மூன்றாம் வகுப்பில் கழித்தலைத் தவறவிட்ட குழந்தை, ஐந்தாம் வகுப்பில் வகுத்தலையும் தவறவிடுகிறது. அந்த வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 சதவீதமே என்று அதே அறிக்கை கூறுகிறது.

எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்பது நாடாளுமன்றத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. 41-லிருந்து 13 போனால் மீதி எவ்வளவு என்று எத்தனை குழந்தைகளுக்குத் தெரியும் என்பதையும் நமது உறுப்பினர்கள் கேட்க வேண்டாமா?