மாதுளையும் பூசணியும்



ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்க வருகிறவர்கள், சிராங்கூன் சாலைக்கு வந்தால் தேக்கா சந்தைக்குள் ஒருமுறை நுழையாமல் திரும்புவது அரிது. 1982இல் எழுந்த அந்தக் கட்டடத்திலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் நமக்குப் பழக்கமான காய்கனிகள் எல்லாம் கிடைக்கும். மாதுளம் பழங்களை அடுக்கி வைத்து, ஒன்றை மட்டும் பிளந்து அதன் சிவந்த முத்துக்களைக் காட்டியிருப்பார்கள். சற்றுத் தள்ளி, காய்கறிக் கடையில், வெட்டிய பூசணித் துண்டுகள் கிடக்கும்.

வெளுத்துப் போயிருக்கும் மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு தாய் மாதுளையைக் கையில் எடுக்கிறாள். "இது ரத்தம் ஊறச் செய்யும்" என்பது அவள் நம்பிக்கை. கூலியில் மிச்சம் பிடித்த காசு அதற்குச் செலவாகிறது. அந்தக் காசு அவள் நினைத்த வேலையைச் செய்கிறதா? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் இங்கே பூசணி என்பது உள்ளே மஞ்சளாக இருக்கும் காயை. மலாய்க்காரர்கள் இதை லாபு என்பார்கள். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் இதற்குப் பறங்கிக்காய் என்று பெயர். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். பறங்கியர் வழியாக நம் நாட்டுக்கு வந்ததால் அந்தப் பெயர். சீனர் சூப்பு வைக்கும் சாம்பல் பூசணி வேறு இனம். அதன் சதை வெள்ளை. நாம் சொல்லப்போகும் மஞ்சள் சத்து அதில் இல்லை. மாதுளையோ ஈரான் முதல் வட இந்தியா வரையுள்ள நிலத்துக்கு உரியது. இன்று இந்தியாவில் மராட்டிய மாநிலத்துச் சோலாப்பூர்ப் பகுதி அதற்குப் பேர்போனது.

இனி எடை போட்டுப் பார்ப்போம். 100 கிராம் மாதுளை முத்துக்களில் சுமார் 83 கலோரி சக்தியும், 14 கிராம் அளவுக்குச் சர்க்கரையும், 4 கிராம் நார்ச்சத்தும் உண்டு. 100 கிராம் பூசணியில் சுமார் 26 கலோரிதான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வைட்டமின் சி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: 10 மில்லிகிராம் அளவு.

இரும்புச்சத்து எவ்வளவு? மாதுளையில் 0.3 மில்லிகிராம், பூசணியில் 0.8 மில்லிகிராம். நான்கு முதல் எட்டு வயதுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் இரும்பு தேவை. அதை மாதுளையிலிருந்தே பெற வேண்டுமானால் அந்தப் பிள்ளை மூன்று கிலோவுக்கு மேல் முத்துக்களைத் தின்ன வேண்டும்! பழத்தின் சிவப்பு நிறம் இரும்பினால் வந்தது அன்று. அது ஒரு சாயப்பொருள். நிறம் ஒன்றாக இருப்பதால் பழச்சாறு ரத்தமாகிவிடாது.

பூசணியும் ரத்தசோகைக்கு மருந்தாகாது. பிள்ளை வெளுத்திருந்தால், சீக்கிரம் களைத்து மூச்சு வாங்கினால், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து உள்ளே சிவப்புக் குறைந்திருந்தால், மருத்துவ நிலையத்துக்குப் போய் ரத்தம் சோதிக்க வேண்டும். தோட்டங்களில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுவதும் உண்டு. அப்போது புழுவுக்கு மருந்து கொடுக்காமல் பழம் கொடுத்துப் பயன் இல்லை. மீன், இறைச்சி, பருப்பு, கீரை ஆகியவற்றை உணவில் சேர்த்து, அதோடு எலுமிச்சையோ கொய்யாவோ கொடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேநீர் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

அப்படியானால் பூசணியின் பெருமை என்ன? அதன் மஞ்சள் நிறம் கரோட்டின் என்னும் பொருளால் ஆனது. நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். இது குறைந்தால் அந்தி மங்கியதும் பிள்ளைக்குக் கண் தெரியாது. அதுவே மாலைக்கண். முற்றினால் பார்வையே போகும். நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 மைக்ரோகிராம். 100 கிராம் பச்சைப் பூசணியில் அந்த அளவு இருக்கும்; வெந்தால் சற்றுக் குறையும்; வகைக்கு வகை மாறும். மாதுளையில் இந்தச் சத்து இல்லை என்றே சொல்லலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் பயன் குறையும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளியுங்கள். அல்லது தேங்காய் அரைத்து ஊற்றிக் கூட்டு வையுங்கள். மலாய்ச் சமையலில் தேங்காய்ப்பால் விட்டுப் பூசணி சமைப்பதும் இதே பயனைத் தரும். விதைகளை எறியாதீர்கள். கழுவிக் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கித் தின்னலாம். 100 கிராம் பருப்பில் 30 கிராம் அளவுக்குப் புரதமும் 8 மில்லிகிராம் அளவுக்கு இரும்பும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு மட்டும் பொடித்துக் கொடுங்கள். விதை தொண்டையில் அடைக்கும். மாதுளை முத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மாதுளையை நாம் குறை சொல்லவில்லை. நல்ல பழம், நார்ச்சத்து மிகுந்தது, காய்ச்சலில் நாக்குக் கசந்தவருக்கு ருசி தரும். முத்தாகவே மென்று தின்பது மேல். சாறாக வடித்தால் நார் போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

ஆனால் மாதுளை வறண்ட கோடையை விரும்பும் செடி. மழை ஓயாத நம் ஊரில் அது நன்றாகக் காய்ப்பது அரிது. பூசணியோ லயத்து வீட்டின் பின்புறத்தில், எருவிட்ட ஒரு குழியில் வளரும். மூன்று நான்கு மாதத்தில் காய் தரும். பூ உதிர்ந்து காய் பிடிக்காவிட்டால், காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு தெரியும் பெண் பூவில் தடவிவிடுங்கள். முற்றிய காயைக் காம்போடு அறுத்து உலர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சம்பளம் தீர்ந்த வாரத்திலும் அது வீட்டில் இருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அதன் அருமையை மட்டும் நாம் இத்தனை காலம் மறைத்துவிட்டோம். அடுத்த முறை தேக்காவுக்குப் போகும்போது, காசு இருந்தால் ஒரு மாதுளை வாங்குங்கள், ஆசைக்காக வாங்குங்கள். பிள்ளையின் கண்ணுக்காக ஒரு துண்டுப் பூசணி வாங்குங்கள். அதன் விதையில் நாலைக் கழுவி எடுத்து வைத்து, ஊருக்குப் போனதும் மண்ணில் ஊன்றுங்கள்.