கடைக்காரர் தூங்கினாலும் பலகை பேசும்!

ரயில் மொரப்பூரில் நிற்கிறது. தூங்கி எழுந்த பயணி ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறார்.

"இது எந்த ஊர்?"

அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் உள்ள மஞ்சள் பலகை பதில் சொல்கிறது. கறுப்பு எழுத்தில், பெரிதாக, "மொரப்பூர்" என்று! தமிழ் தெரியாதவருக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறது.

"அழகிய ஊர், ஈடு இணையற்ற ஊர்" என்றெல்லாம் அது பெருமை பேசுவதில்லை. பயணி எதைக் கேட்பாரோ, அதை மட்டும் சொல்கிறது.

இணையதளம் அமைத்து வியாபாரம் செய்ய விரும்பும் சிறு கடைக்காரர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

இரவில் வந்த வாடிக்கையாளர்

தர்மபுரிப் பக்கம் புளிக்குப் பெயர் போனது. மொரப்பூரில் ஒருவர் புளிக்கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பணம் செலவழித்து ஓர் இணையதளம் அமைக்கிறார். முதல் பக்கத்தில் பூக்கள் மலர்கின்றன. எழுத்துகள் ஓடுகின்றன. "தரமே எங்கள் தாரக மந்திரம்! வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்!" என்று கொட்டை எழுத்தில் மின்னுகிறது.

கோவையில் ஒரு குடும்பத் தலைவி. வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, இரவு 10 மணிக்குக் கைப்பேசியை எடுக்கிறார். வருஷத்துக்கு வேண்டிய புளி 5 கிலோ வாங்க வேண்டும். நம் கடைக்காரரின் இணையதளத்தைத் திறக்கிறார்.

கிலோ என்ன விலை? காணோம்!

கொட்டை எடுத்ததா? காணோம்!

கோவைக்கு அனுப்புவார்களா? அதுவும் காணோம்!

தெய்வம் என்ன செய்தது? வேறு கடைக்குப் போய்விட்டது!

கையில் பணத்தோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. நேரில் வந்திருந்தால், அவர் தயங்குவதைப் பார்த்து, "என்னம்மா வேண்டும்?" என்று கேட்டிருப்பார். இணையதளத்தில் வந்தவரின் முகம் தெரியாது. ஆகவே, கேள்வி வருவதற்கு முன்பே பதில் அங்கே காத்திருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

அதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? வேண்டாம். கல்லாப் பெட்டி அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும். 15 நாட்களுக்கு, கடைக்கு வருகிறவர்களும் போனில் பேசுகிறவர்களும் கேட்பதை எல்லாம் அதில் எழுத வேண்டும்.

"புதுப் புளியா, பழைய புளியா?"

"கொட்டை, நார் எடுத்ததா?"

"5 கிலோ எடுத்தால் விலை குறையுமா?"

"பார்சல் செலவு யாருடையது?"

"எத்தனை நாளில் வந்து சேரும்?"

"சரியில்லை என்றால் திருப்பி எடுப்பீர்களா?"

அடிக்கடி வந்த கேள்விக்கு முதல் இடம். எப்போதோ வந்த கேள்விக்குக் கடைசி இடம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரியில் நேரான பதில். இணையதளத்தில் எழுத வேண்டிய விஷயம் தயார்!

இன்னொன்றும் முக்கியம். மக்கள் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். "கொட்டை எடுத்த புளி" என்றுதான் கூகுளிலும் தேடுவார்கள். "விதை நீக்கப்பட்ட உயர்ரகப் பண்டம்" என்று யார் தேடப் போகிறார்கள்?

பூவும் இல்லை, படமும் இல்லை!

உலகின் முதல் இணையதளம் எப்படி இருந்தது தெரியுமா?

டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது அதை உருவாக்கினார். 1991-ம் ஆண்டில் அது உலகின் பார்வைக்கு வந்தது. அதில் பூ இல்லை, படம் இல்லை. வெறும் எழுத்துதான். இது என்ன, இதை எப்படிப் பயன்படுத்துவது, உதவி எங்கே கிடைக்கும் என்ற விவரங்களே இருந்தன.

அலங்காரம் தவறல்ல. ஆனால் இலையில் சோறு விழுந்த பிறகுதான் அப்பளம்!

யார் செய்தது?

விலையும் எடையும் சொன்னால் போதுமா? "யார் செய்தது?" என்ற கேள்வியும் வாங்குகிறவர் மனதில் உண்டு.

இதற்கு உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். தர்மபுரி மாவட்டத்திலேயே மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் 1993-ம் ஆண்டில் அங்கே மலைமக்களுக்காக ஆஸ்பத்திரி தொடங்கினார்கள்.

அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பாட்டிமார் அழகான பூத்தையல் போட்டவர்கள். பின்னால் வந்தவர்கள் அதை மறந்து போனார்கள். டாக்டர் லலிதாவின் முயற்சியால், கலை தெரிந்த மூத்த பெண்கள் இளையவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்த சங்கத்தின் பெயர் "பொர்கை". லம்பாடி மொழியில் "பெருமை" என்று பொருள்.

அவர்களுடைய துணியை வாங்குகிறவர் வெறும் துணியை வாங்கவில்லை. அந்தக் கதையையும் சேர்த்து வாங்குகிறார். புளிக்கடைக்காரருக்கும் கதை இல்லாமலா போகும்? எந்த ஊர் மரத்துப் புளி, எந்த மாதத்தில் உலுக்கினார்கள், யார் உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள் என்று நான்கு வரி எழுதலாம். பகலில் எடுத்த உண்மைப் படம் ஒன்று போடலாம். ஆனால் கதை நிஜமாக இருக்க வேண்டும்!

சட்டம் சொல்வது என்ன?

இணையத்தில் விற்பனை செய்வதற்கு மத்திய அரசு 2020-ம் ஆண்டில் விதிகள் வகுத்தது. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு கொள்ளும் வழி, எல்லாச் செலவும் சேர்ந்த மொத்த விலை, திருப்பி எடுக்கும் நிபந்தனை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கடைக்காரரே வாடிக்கையாளர் போல வேஷம் போட்டு, "ஆகா, அருமையான புளி!" என்று எழுதிக்கொள்வதையும் அந்த விதிகள் தடை செய்கின்றன.

உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவும் பெற வேண்டும். அதன் 14 இலக்க எண்ணை இணையதளத்தில் போட்டால், வாங்குகிறவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

வராத ரயிலுக்குக் காத்திருக்கலாமா?

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ம் ஆண்டில் சின்ன ரயில் விட்டார்கள். 1941-ம் ஆண்டில் அந்தப் பாதை மூடப்பட்டது. அதன் பிறகும் அந்த ரயிலின் நேரத்தை அட்டவணையில் விட்டு வைத்திருந்தால் என்ன ஆகும்? மூட்டை முடிச்சோடு வந்தவர் காத்துக் கிடந்து ஏமாந்திருப்பார்!

போன வருஷத்து விலை போட்டிருக்கும் இணையதளமும் அப்படித்தான். ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார். வாரம் ஒரு நாள், கணக்குப் பார்க்கும்போதே, விலையையும் இருப்பையும் திருத்திவிட வேண்டும். சரக்கு இல்லையா? "இல்லை, அடுத்த மாதம் வரும்" என்று சொல்வதே மரியாதை.

எல்லாம் முடிந்ததும் ஒரு பரீட்சை. கடையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள். "என்ன விற்கிறார்கள்? என்ன விலை? எப்படி வாங்குவது?" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தால் தேர்வு. திணறினால், மறுபடியும் நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டியதுதான்!

நடு இரவில் மொரப்பூரே தூங்குகிறது. ஆனாலும் அந்த மஞ்சள் பலகை, ரயிலில் வருகிறவருக்கு ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரரும் தூங்கட்டும். அவருக்காக அவருடைய இணையதளம் பதில் சொல்லட்டும்!