நாற்காலி வேலையும் உழைப்புத்தான்

சென்ற தீபாவளிக்கு என் பழைய மாணவன் ஒருவன் கோலாலம்பூரிலிருந்து தோட்டத்துக்கு வந்திருந்தான். ஒரு கணினிக் கம்பெனியில் ‘டெவலப்பர்’ வேலை. பண்டிகை நாளிலும் கணினியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். ஆண்டுக் கணக்காகச் செம்பனைக் குலை வெட்டும் அவன் அப்பா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“வெயில் இல்லே, மழை இல்லே. குளுகுளு அறையிலே உட்கார்ந்த வேலை. அப்புறம் ஏன் வாத்தியாரையா இவன் இப்படிக் களைச்சுப் போய் வர்றான்?”

மகன் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த மௌனம் என் மனத்தை உறுத்தியது. தோட்டத்துப் பிள்ளைகளும் இன்று இந்தத் துறையை நாடுகிறார்கள். அதன் நிறைகுறைகளைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியமல்லவா?

அது என்ன வேலை?

கணினி தானாக எதையும் செய்யாது. பணம் அனுப்புவதோ, பஸ் டிக்கெட் எடுப்பதோ, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுபவரே டெவலப்பர். ஒரு குறி தவறினாலும் எல்லாம் நின்றுபோகலாம். தவறு எங்கே என்று தேடுவதிலேயே நாள் முழுவதும் கழிவதுண்டு. நம்முடைய காலைப் பெரட்டு போல அங்கும் ஒன்று உண்டு. பல கம்பெனிகளில் தினமும் கால் மணி நேரம் கூடி, நேற்று முடித்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

நன்மைகள்

யாருடைய பிள்ளை என்பதைவிட, எழுதிக் கொடுத்தது சரியாக ஓடுகிறதா என்பதற்கே இங்கு மதிப்பு. கைத்தொழில் போல, கற்றது கூடவே வரும். பினாங்குக்கும் போகலாம், சிங்கப்பூருக்கும் போகலாம். சில கம்பெனிகளில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு இது பெரிய உதவி. சைபர்ஜெயா நகரம் முன்பு செம்பனை நின்ற நிலம். அங்கே நம் பிள்ளைகள் கணினி வேலைக்குப் போவது பெருமைக்குரியதே.

குறைகள்

முதலாவது, நேரம். இரவில் கோளாறு ஏற்பட்டால் எழுந்து சரிசெய்ய வேண்டியவரும் இவரே. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு, ஓவர்டைம் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படியே. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

இரண்டாவது, நிலையின்மை. உலகப் புகழ் பெற்ற கூகுள் நிறுவனமே 2023 ஜனவரியில் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இப்போது நிரல் எழுதும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. படிப்பு முடிந்தது என்று இத்துறையில் யாரும் ஓய்ந்திருக்க முடியாது.

மூன்றாவது, உடல்நலம். கண் எரிச்சல், கழுத்து வலி, முதுகு வலி, தூக்கக் குறைவு ஆகியவை மெல்ல மெல்ல வரும்.

செய்ய வேண்டியவை

கையெழுத்திடும் முன் வேலை ஒப்பந்தத்தை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். வேலை நேரம், இரவு அழைப்புக்குப் படி, ஆட்குறைப்பு இழப்பீடு ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வேலை போய்விட்டால் 60 நாட்களுக்குள் சொக்சோவில் வேலைக் காப்புறுதி உதவிக்கு மனுச் செய்ய வேண்டும். தானாக விலகியவருக்கு அது கிடைக்காது. நல்ல சம்பளம் வரும் காலத்திலேயே சில மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாகச் சேர்த்து வைப்பது நலம்.

அன்று அந்தத் தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: “நீங்க தூக்குற குலையோட கனம் எல்லாருக்கும் தெரியுது. அவன் தலையிலே இருக்கிற கனம் வெளியே தெரியலே. என்ன வேலைன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.”

மறுநாள் காலை அந்த வீட்டைத் தாண்டிப் போனேன். திண்ணையில் அப்பாவும் மகனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மகன் கணினியில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர்களே! பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவன் வேலையையும் விசாரியுங்கள்.