வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: பாடங்களை முதலில் முடிவு செய்யுங்கள்



இந்த ஆண்டு வந்த உதவி விண்ணப்பங்களில் மூன்று, ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகும் பிள்ளைகளுடையவை. கொருக்குப்பேட்டையிலிருந்து இப்படி விண்ணப்பம் வருவதே மகிழ்ச்சி, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் விமானக் கட்டணம், விசா, தங்குமிடம் எல்லாம் எழுதியவர்கள், என்ன பாடம் படிக்கப் போகிறோம் என்பதை எழுதவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உதவியோடு போய்வந்த மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவருடைய அத்தா ஹார்பரில் சுமை தூக்கியவர். மகன் அங்கே ரோபோ, மின்சார வாகனம் என்று ஐந்து பாடம் படித்து நல்ல மதிப்பெண்ணோடு திரும்பினார். இங்கே கல்லூரியோ ஒரு பாடத்தைத்தான் ஏற்றது. மற்றவை அரியர் ஆகி, வளாக நேர்காணலில் உட்கார முடியாமல் போனது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த நாங்களும் பாடப்பட்டியலைக் கேட்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே, அங்கே என்ன இருக்கிறது என்று தேடுவதற்கு முன், அந்த செமஸ்டரில் இங்கே எழுத வேண்டிய பாடங்களின் சிலபஸை எடுத்து வையுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு படிப்புக்கும் பாட விவரக் கையேடு வெளியிடுகின்றன. பாடத்தின் உள்ளடக்கம், கிரெடிட், எந்த செமஸ்டரில் நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைப்பை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தை நம் சிலபஸோடு ஒப்பிடுங்கள். எந்த மொழியில் நடத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். அங்கே இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில்தான் அதிகம்.

கிரெடிட் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் ஒரு கிரெடிட் என்பது பொதுவாக வாரம் ஒரு மணி நேர வகுப்பு. ஐரோப்பாவிலோ வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்புக்கு ஒரு கிரெடிட். முழு செமஸ்டருக்கு 30 கிரெடிட். இங்குள்ள நான்கும் அங்குள்ள நான்கும் ஒன்றல்ல. எதற்கு எது ஈடு என்பதை உங்கள் துறைத்தலைவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில். இராஸ்மஸ் திட்டத்தில் இதற்கென்றே 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற படிவம் உண்டு. மாணவர், இங்குள்ள கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். வேறு வழியில் போகிறவர்களும் அப்படி ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். அங்கே போனபின் பாடம் மாறினால், அதற்கும் உடனே ஒப்புதல் பெறுங்கள்.

காலமும் பொருந்தாது. ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். தேர்வு அதையொட்டி வரும். அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். வருகைப்பதிவுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். பெரும்பாலான இடங்களில் வகுப்புக்குப் போனால் மட்டும் போதாது, தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். அங்கே 1.0 மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் எல்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பெற்றோர் பதற வேண்டாம்.

விண்ணப்பித்த மூவரும் சிலபஸ், அங்குள்ள பாட விவரம், துறைத்தலைவரின் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். கடிதம் இன்னும் வாங்காதவர்களும் வரலாம். கேட்டு எழுத வேண்டிய மனுவை இன்ஷா அல்லாஹ் சேர்ந்தே எழுதுவோம். பயணப் பணம் அதற்குப் பிறகுதான்.

— செயலாளர்