கருநலம் காணும் சோதனைகள்: பாதுகாப்பும் கலைச்சொல் தெளிவும்

முன்னுரை

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வழங்கப்படுகிறது. அவர் பிறந்த மாவட்டத்தின் கருவுற்ற மகளிர்க்கு நிதியுதவி போன்றே சோதனைகள் குறித்த தெளிவும் தேவையாகும். ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்பதனை ‘அழுத்தச் சோதனை’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் மன அழுத்தம், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மயங்க இடமுண்டு. அம்மயக்கம் பாதுகாப்பு குறித்த வினாவையும் மறைத்துவிடுகிறது.

இருவகைச் சோதனைகள்

‘நான்-ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ எனப்படுவதில் தாயின் வயிற்றின்மேல் கட்டப்படும் உணரிகள் கருவின் இதயத்துடிப்பையும் கருப்பையின் இறுக்கத்தையும் பதிவு செய்கின்றன. 32 வாரங்களுக்குப் பின், நிமிடத்திற்கு 15 துடிப்புகள் மிகுந்து 15 நொடிகள் நீடிக்கும் ஏற்றம் 20 நிமிடங்களில் இருமுறை காணப்படின் முடிவு இயல்பானதாகும். இதில் மருந்து செலுத்தப்படுவதில்லை.

‘கான்ட்ராக்‌ஷன் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ எனப்படுவதில் தானாக இறுக்கம் தோன்றாதபோது, ஆக்சிடோசின் செலுத்தியோ முலைக்காம்பைத் தூண்டியோ 10 நிமிடங்களில் மூன்று இறுக்கங்கள் வரவழைக்கப்படுகின்றன. இறுக்கத்தின்போது நஞ்சுக்கொடிக்கான குருதியோட்டம் குறையும். ஆக்சிஜன் இருப்புக் குறைந்த கருவின் துடிப்பு, இறுக்கம் உச்சமடைந்தபின் தாழ்கிறது. பாதிக்கு மேற்பட்ட இறுக்கங்களை அடுத்து இத்தாழ்வு தோன்றினால் அஃது எச்சரிக்கையாகக் கொள்ளப்படும்.

பாதுகாப்பு

முதற்சோதனையால் உடற்தீங்கு இல்லை. இரண்டாவதில் இறுக்கங்கள் அளவிறந்து கருவைத் தளர்த்தக்கூடும். குறைப்பேற்று வாய்ப்பு, முன்கூட்டிய பனிக்குட உடைவு, கருப்பைவாயை மறைத்த நஞ்சுக்கொடி, கருப்பையில் முந்தைய நெடுக்குவெட்டுத் தழும்பு ஆகியன உள்ளோர்க்கு இது தவிர்க்கப்படுகிறது.

எனினும், இயல்பு என்ற முடிவுக்குப்பின் ஒரு வாரத்தில் நேரும் கருவிறப்பு முதற்சோதனையில் 1000க்கு ஏறத்தாழ 1.9, இரண்டாவதில் 0.3. ஆகவே இரண்டாவதன் இயல்பு முடிவு கூடுதல் நம்பகமானது. ஆனால் இவ்விரு சோதனைகளிலும் நலமுள்ள கருவையும் நலிந்ததாகக் காட்டும் பிழை மிகுதி. அதனை மட்டும் நம்பித் தேவையற்ற முன்பேற்றுக்கு முனைவதும் ஓர் இடராகும். எனவே ஐயமுள்ள முடிவுகள் அல்ட்ராசவுண்ட் ஆய்வோடு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

முடிவுரை

மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களிலிருந்து மாவட்டத் தலைநகர் நெடுந்தொலைவில் உள்ளது. மருந்தில்லாச் சோதனையைக் கருவியும் பயிற்சியும் உள்ள நிலையங்களில் செய்யலாம். இறுக்கம் வரவழைக்கும் சோதனையோ உடனடி அறுவைப்பேற்று வசதியுள்ள மருத்துவமனைக்கே உரியது. இவ்வேறுபாட்டைப் பெயரே உணர்த்துமாறு ‘இறுக்கமூட்டாச் சோதனை’, ‘இறுக்கமூட்டுச் சோதனை’ என வழங்குவது பொருத்தமாகும். செய்யவிருப்பது எது என்பதைப் பெயராலேயே அறியும் தாயால்தான் அறிந்து இசைவளிக்க இயலும்.