போட்ட கடிதம் எங்கே போனது?

அச்சன்புதூரில் ஓர் எண்ணெய் வியாபாரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மரச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் விற்கிறார்.

ஆனி மாதம் வந்தது. தென்காசி வட்டாரத்தில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியது. அருவியில் குளிக்க வருகிறவர்கள் எண்ணெய் வாங்குவார்கள். ஊருக்கும் இரண்டு லிட்டர் கொண்டு போவார்கள். இந்தச் சில மாதங்களில் நடக்கும் வியாபாரம்தான் அவருடைய ஆண்டு வருமானம்.

"சீசன் வந்துவிட்டது. புது எண்ணெய் தயார்" என்று பழைய வாடிக்கைக்காரர்கள் 6,000 பேருக்கு இ-மெயில் அனுப்பினார். எல்லோரும் விலாசத்தை அவர்களாகவே கொடுத்தவர்கள். எல்லோரும் ஜிமெயில் வைத்திருப்பவர்கள்.

ஒரு வாரம் ஆயிற்று. பத்துப் பேர்கூட எண்ணெய் கேட்கவில்லை.

"எல்லாருக்கும் போயிட்டுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதேம்மா!" என்றார் மகளிடம். மகள் கல்லூரியில் படித்தவள்.

"போயிருக்கு அப்பா. ஆனா குப்பைப் பெட்டிக்குப் போயிருக்கு" என்றாள் அவள்.

கதை கற்பனை. தொல்லை உண்மை. இ-மெயிலில் வியாபாரம் செய்யும் எவருக்கும் இது வரலாம்.

இரண்டு பெட்டி

இ-மெயில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டி உண்டு. ஒன்று, தினமும் திறந்து பார்க்கும் பெட்டி. மற்றொன்று, "ஸ்பேம்" என்ற குப்பைப் பெட்டி. அதை யாரும் எளிதில் எட்டிப் பார்ப்பதில்லை. கடிதம் அங்கே விழுந்தாலும், "சேர்ந்துவிட்டது" என்றுதான் கணக்கு காட்டும்.

எந்தப் பெட்டியில் போடுவது என்று தீர்மானிப்பது மனிதன் அல்ல. கம்ப்யூட்டர்.

ஏன் இந்தச் சந்தேகம்?

1978-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி, சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத விளம்பரத் தபால் அன்று தொடங்கியது.

1982-ல் இ-மெயில் அனுப்பும் விதிகள் எழுதப்பட்டன. அதில் ஓர் ஓட்டை இருந்தது. அனுப்புகிறவர் பெயர் என்ற இடத்தில் யாருடைய பெயரையும் யாரும் எழுதலாம். தபால் உறையின் பின்பக்கம் அடுத்த வீட்டுக்காரர் பெயரை எழுதி அனுப்புவது போல!

மோசடிக்காரர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. வங்கியின் பெயரில் எழுதினார்கள். பணத்தைப் பறித்தார்கள். அதனால் காவல் பலமாயிற்று. நாள் ஒன்றுக்குச் சுமார் 1,500 கோடி வேண்டாத கடிதங்களை ஜிமெயில் தடுப்பதாக கூகுள் 2023-ல் கூறியது.

மூன்று அடையாளம்

நல்லவர் யார், போலி யார் என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இ-மெயில் விலாசத்தில் "அட்" குறிக்குப் பின்னால் ஒரு பெயர் வரும். சொந்தமாக அப்படி ஒரு பெயர் வாங்கியவருக்கு, இன்டர்நெட்டில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அதில் மூன்று விஷயங்களை எழுதி வைக்க வேண்டும்.

முதலாவது, எஸ்.பி.எப். "என் பெயரில் கடிதம் அனுப்ப இந்த இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே அனுமதி" என்ற பட்டியல் இது.

இரண்டாவது, டி.கே.ஐ.எம். இது முத்திரை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு ரகசியச் சாவியால் முத்திரை விழும். அதைச் சோதிக்கும் இன்னொரு சாவி பலகையில் தொங்கும். வழியில் யாராவது கடிதத்தைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது, டிமார்க். 2012-ல் வந்தது. கடிதத்தில் தெரியும் பெயரும், மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சும்மா விடுவதா, குப்பையில் போடுவதா, திருப்பி விரட்டுவதா என்று பெயருக்கு உரியவரே இதில் எழுதி வைக்கிறார்.

புதிய கட்டுப்பாடு

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் கட்டுப்பாட்டை இறுக்கின. ஒரே நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு எழுதுகிறவர்கள் மூன்று அடையாளமும் வைத்திருக்க வேண்டும் என்றது கூகுள். குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். மைக்ரோசாப்ட் 2025 மே மாதம் இதே வழிக்கு வந்தது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. "இது குப்பை" என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக்கூடாது!

மத்தளம்பாறைக்காரர்களின் அனுபவம்

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தென்காசி மாவட்டத்தோடு தொடர்புள்ள ஓர் உண்மைச் சம்பவம் உண்டு.

சோகோ என்ற தமிழ்நாட்டுக் கம்பெனி, 2011-ல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. இ-மெயில் வசதியையும், மொத்தமாக விளம்பரக் கடிதம் அனுப்பும் வசதியையும் உலகம் முழுவதும் விற்கிற கம்பெனி அது.

2018 செப்டம்பர் 24-ந் தேதி சோகோவின் இன்டர்நெட் பெயர் திடீரென்று முடக்கப்பட்டது. முடக்கியது, அந்தப் பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம். காரணம்? அந்த இ-மெயில் வசதியைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்துவதாக வந்த புகார். எங்கோ சிலர் செய்த தப்புக்காக, ஏராளமான வாடிக்கைக்காரர்கள் வேலை செய்ய முடியாமல் தவித்தார்கள். பிறகு நிலைமை சீரடைந்தது.

பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், சிறு வியாபாரி தன் பெயரை எவ்வளவு பத்திரமாகக் காக்க வேண்டும்!

மகள் கண்ட பிழை

இனி அச்சன்புதூருக்கு வருவோம்.

மகள் பலகையைப் பார்த்தாள். சென்ற ஆண்டு கடிதம் அனுப்பிக் கொடுத்த கம்பெனி வேறு. இந்த ஆண்டு வேறு. பட்டியலில் பழைய கம்பெனி மட்டுமே இருந்தது. புதிய கம்பெனியின் சாவியும் இல்லை. டிமார்க்கும் இல்லை.

பட்டியலில் புதிய கம்பெனியைச் சேர்த்தாள். தனியாக இரண்டாவது பட்டியல் எழுதவில்லை. ஒரு பெயருக்கு ஒரு பட்டியல்தான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது! பிறகு சாவியை மாட்டினாள். டிமார்க்கையும் எழுதினாள்.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கடிதத்தில் 500 குப்பைக்குப் போகிறது. மீதி 500-ல் ஐந்துக்கு ஒருவர் பிரிக்கிறார். மொத்தம் 100 பேர். ஆயிரமும் நல்ல பெட்டிக்குப் போனால்? 200 பேர்! கடிதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. கடிதத்தில் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளியளவு படத்தை வைத்துத்தான், "பிரித்தார்" என்று கணக்கிடுகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் போன்களில், ஆள் பார்க்காவிட்டாலும் அந்தப் படம் தானாகவே இறங்கிவிடும் வசதி வந்துவிட்டது. ஆகவே பிரித்தவர் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. எண்ணெய் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதே சரியான கணக்கு.

"அப்படின்னா இது அக்மார்க் முத்திரை மாதிரியாம்மா?" என்று கேட்டார் தகப்பனார்.

"இல்லப்பா. எண்ணெய் நல்லதுன்னு இது சொல்லாது. அனுப்பினது நீங்கதான்னு மட்டும் சொல்லும். எண்ணெய் நல்லா இருக்கணும். வேண்டாம்னு சொன்னவங்களுக்குத் திரும்ப எழுதாம இருக்கணும். அது நம்ம கையிலதான் இருக்கு."

தகப்பனார் செக்கடிக்குப் போனார். மகள் மறுபடியும் கடிதத்தை அனுப்பினாள்.