ஹெரால்டின் வேக்கம் குழாய்

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ஹெரால்டிலிருந்து வந்ததுதான்.

ஹெரால்டில் கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய வேக்கம் குழாய் போகும். ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது கலவை மெதுவா எரியும். ஸ்பார்க் முன்னாடியே வரணும். அதைச் செய்வது இந்த உறிஞ்சல்தான். குழாய் முனைகளில் உள்ள ரப்பர், சேலம் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் இறுகி வெடிச்சா காற்று புகுந்துடும். ஸ்பார்க் பிந்தும், பெட்ரோல் கூடுதலா குடிக்கும். பலர் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுவாங்க. பழுது அங்கே இல்லை.

இன்ஜினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றித் துடைத்து வாயால் உறிஞ்சுங்க. பாயிண்ட் தட்டு நகரணும்; நாக்கால் அடைச்சா அங்கேயே நிக்கணும். நிக்கலைன்னா பெட்ரோல் தாங்குற புது ஹோஸை இறுக்கமா மாட்டுங்க. அப்பவும் நிக்கலைன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும்.